சுவரில் ஒரு கேள்வி, கீழே சாக்பீஸ் டப்பா

2011 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் சுவரைக் கேண்டி சாங் என்ற கலைஞர் கரும்பலகையாக மாற்றினார். ‘நான் சாவதற்குள்...’ என்று தொடங்கும் வரியைப் பல முறை அச்சடித்து, மீதியைக் கோடிட்ட இடமாக விட்டு, சாக்பீஸ் வைத்தார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. இதுவரை எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படிப்பட்ட சுவர்கள் எழுந்திருக்கின்றன.

நம் தெருவுக்கு அதைவிடப் பயன்படுவது, அவர் அதற்கு முந்தைய ஆண்டு செய்த சின்ன வேலை. 2005இல் வந்த கத்ரீனா புயலுக்குப் பிறகு அந்த நகரில் பல கடைகள் திறக்கப்படவே இல்லை. ‘இது ____ ஆக இருந்தால் நன்றாயிருக்கும்’ என்ற ஸ்டிக்கர்களை அவர் கொடுத்தார். பூட்டிய கதவுகளில் மக்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதி ஒட்டினார்கள். முதல் கேள்வி மனிதரின் மனசைக் கேட்டது. இரண்டாவது கேள்வி, இடத்தைப் பற்றிக் கேட்டது. தெருவில் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் இரண்டாவது வகைதான் நமக்கு வேண்டும்.

அப்படி ஒரு கேள்விப் பலகையை உங்கள் தெருவிலும் வைக்கலாம். ஆனால் பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால், பதிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். கிராமம் என்றால் வழி எளிது: தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபைக்கு ஆறு நாட்கள் இருக்கின்றன. நகரத்தில் பகுதி சபாவும் வார்டு குழுவும் உண்டு. அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, அதற்கு மூன்று வாரம் முன்பாகப் பலகையை வையுங்கள். கூட்டத் தேதியைப் பலகையிலேயே பெரிதாக எழுதுங்கள். தேதி இல்லாத பலகையை ஜனங்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

கேள்வி சின்னதாக, விரலால் சுட்டிக் காட்டக்கூடிய இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். ‘நம் ஊர் எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் ‘சுத்தமாக’ என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் என்ன வரலாம்?’ என்று கேளுங்கள். கவுன்சிலராலோ ஊராட்சித் தலைவராலோ செய்ய முடியாததைக் கேட்காதீர்கள்.

அடுத்தது அனுமதி. இதில் சோம்பல் கூடாது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 2019 டிசம்பரில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றதும் நினைவிருக்கும். சுவர்க்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எதிரிலும் பக்கத்திலும் இருக்கும் வீடுகளில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக்காகக் கதவைத் தட்டும்போதுதான் பாதிப் பேர் இந்த வேலைக்குள் வருவார்கள். அனுமதி பிறகு வந்த ஊரும் உண்டு: அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரின் செல்வுட் பகுதியில் 1996இல் குடியிருப்பவர்களே ஒரு நாற்சந்தியில் ஓவியம் தீட்டினார்கள். முதலில் எதிர்த்த நகர நிர்வாகம், பின்பு அதற்கு இடம் கொடுத்து விதியே இயற்றியது. அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். சுவர் கிடைக்கவில்லை என்றால் எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்று போதும். உள்ளே எடுத்து வைக்கவும் வசதி.

ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், பால் பூத் என்று ஜனங்கள் எப்படியும் காத்து நிற்கும் இடமாகப் பாருங்கள். எதிரே டீக்கடை இருந்தால் இன்னும் நல்லது. காசு கொடுக்காமலேயே ஒரு காவல்காரர் கிடைத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்பீஸ் வேலை வேண்டாம்.

ப்ளைவுட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட், கரும்பலகை பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். இரண்டு மூன்று நாள் காயட்டும். அதன்பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்: சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் எழுதுபவரின் எழுத்து தடமாக நின்றுவிடும். கேள்வியை வெள்ளை எனாமலில், பழைய எக்ஸ்ரே பிலிமில் எழுத்து வெட்டி அடித்தால் அழியாது. பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்ட வேண்டும். முதல் நான்கைந்து பதில்களை நீங்களே ஆள் வைத்து எழுதச் செய்யுங்கள். காலிப் பலகையில் முதல் ஆளாக எழுத யாருக்கும் கூச்சம்தான்.

எழுதத் தெரியாதவர்களும், தெரு நடுவே நின்று எழுதத் தயங்கும் பெண்களும் விட்டுப்போகக் கூடாது. முதல் வாரம் வந்த பதில்களில் முன்னணியில் இருக்கும் நான்கைப் படமாக வரைந்து, ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்குக் கறுப்பு, பிள்ளைகளுக்குப் பச்சை. தெருவிளக்கை யார் கேட்கிறார்கள், பெஞ்சை யார் கேட்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பொட்டு அட்டை பெரியவர் ஒருவர் கையிலேயே இருக்கட்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் பலகை முழுக்கப் பச்சைதான்.

தினமும் சாயங்காலம் ஒருவர் போட்டோ எடுத்து, சாக்பீஸ் நிரப்பி, கெட்ட வார்த்தையையும் சாதிப் பெயரையும் கட்சி விளம்பரத்தையும் அழிக்க வேண்டும். திட்டும் கோபமும் இருந்தால் அழிக்காதீர்கள். ‘மூன்று வருஷமாகக் கேட்டுக் களைத்துவிட்டோம்’ என்பதும் ஒரு பதில்தான்.

கூட்டத்துக்குப் போகும்போது போட்டோக்களையும் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி, எழுதியவர்களில் பத்துப் பேரையாவது கூட்டிப் போங்கள். கோரிக்கையைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே பலகையைத் துடைத்து, கிடைத்த பதிலை எழுதுங்கள்: தீர்மான எண், யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள். முடியாது என்று சொல்லிவிட்டார்களா? காரணத்தோடு அதையும் எழுதி, கீழே அடுத்த கேள்விக்கு இடம் விடுங்கள்.