நெடுங்காலப் பிரிவுக்குப் பின் விவாகரத்து: ஒன்ராறியோவில் அறிந்திருக்க வேண்டியவை

"நாங்கள் சட்டப்படி பிரிந்து பத்து வருடங்களாகிவிட்டன" என்னும் கூற்று ரொறன்ரோப் பெரும்பாகத்துத் தமிழ்க் குடும்பங்களிடையே அடிக்கடி கேட்கப்படுவது. கூறுபவர் வருமான வரிப் படிவத்தில் தம்மைப் பிரிந்தவர் என்று குறித்திருப்பார். தனி வீட்டில் வாழ்ந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்திருப்பார். அவரிடம் இருவரும் கையொப்பமிட்ட பத்திரம் ஒன்றும் இருக்கக்கூடும். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர் இன்னமும் திருமணமானவரே. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் பிரிவு தானாகவே விவாகரத்தாக மாறுவதில்லை.

ஒன்ராறியோவில் பிரிவுக்கெனத் தனியான பதிவோ சான்றிதழோ இல்லை. கணவன் மனைவி இருவருள் ஒருவராவது இல்லறம் முடிந்துவிட்டது என்று கருதித் தனித்து வாழத் தொடங்கும் நாளே பிரிவின் திகதியாகும். வாடகை கட்ட இயலாமல் ஒரே கூரையின் கீழ், வேறு வேறு அறைகளில், சமையலும் செலவும் வேறாக வாழ்ந்தாலும் அது பிரிவாகக் கொள்ளப்படலாம். தாலியைக் கழற்றி வைப்பதும், உறவினர் கூடி இருவரும் இனி வேறு என்று அறிவிப்பதும் குடும்பத்தினருக்குப் பொருள் உடையனவாக இருக்கலாம். நீதிமன்றத்துக்கு அவை பிரிவின் திகதியைக் காட்டும் சான்றுகள் மட்டுமே.

எனினும் பெரியோர் முன்னிலையில் எழுதப்பட்ட பத்திரத்தை வெறுங் கடதாசி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. எழுத்தில் இருத்தல், இருவரும் கையொப்பமிட்டிருத்தல், சாட்சி ஒருவர் முன்னிலையில் கையொப்பமிட்டிருத்தல் என்னும் மூன்றையுமே ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம் பிரிவு ஒப்பந்தமொன்றின் வடிவத்துக்கு அடிப்படையாகக் கேட்கிறது. சித்தப்பா வீட்டு மேசையில் எழுதப்பட்ட இரண்டு பக்கங்கள் இம்மூன்றையும் நிறைவேற்றியிருந்தால், "வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்று அதில் உள்ள ஒரு வரி கையொப்பமிட்டவரைக் கட்டுப்படுத்தக்கூடும். முக்கியமான சொத்து மறைக்கப்பட்டிருந்தாலோ, பத்திரத்தின் தன்மையையும் விளைவையும் ஒருவர் விளங்கிக்கொள்ளாமல் கையொப்பமிட்டிருந்தாலோ நீதிமன்றம் அதனை ஒதுக்கிவைக்கலாம். ஆனால் அதற்கு வழக்காட வேண்டும்.

ஓராண்டுப் பிரிவும் ஆறாண்டு எல்லையும்

இலங்கையின் பொதுவான விவாகச் சட்டத்தின்படி மணமுறிவு கோருபவர் பிறர்மனை சேர்தல், வஞ்சகமாகக் கைவிட்டுச் செல்லல் போன்ற குற்றமொன்றை எண்பிக்க வேண்டியிருப்பதால், இங்கும் அவ்வாறே யாரேனும் ஒருவர் குற்றவாளியாக்கப்பட வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். கனடாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றம் இல்லாத இடத்தில் குறைந்தது மூன்றாண்டுப் பிரிவைக் கேட்டது. 1986 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள இன்றைய விவாகரத்துச் சட்டத்துக்கு ஓராண்டுப் பிரிவு போதும். யார் பக்கம் பிழை என்று நீதிமன்றம் கேட்பதில்லை. இடையில் சமரசம் நாடி மொத்தம் 90 நாட்களுக்கு மேற்படாமல் ஒன்றாக வாழ்ந்து பார்த்திருந்தாலும் அந்த ஓராண்டுக் கணக்கு அறுபடாது. ஆகவே நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தவருக்கு விவாகரத்து பெறுவது பெரிய சிக்கல் அன்று. சிக்கல் சொத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தில் 1998இல் திருமணம் செய்து, பின்னர் ஸ்காபரோவில் குடியேறிய ஒரு தம்பதி 2006இல் கணவனின் பெயரில் வீடு வாங்கினர். 2012 இளவேனிலில் பிரிந்தனர். மனைவி இரு பிள்ளைகளுடன் வாடகை வீட்டுக்குச் சென்றார்; கணவன் அதே வீட்டில் தங்கினார். ஊரில் இருந்த பெற்றோருக்குத் தெரியக்கூடாது என்பதாலும், பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்பதாலும் மனைவி எந்த வழக்கும் தொடுக்கவில்லை. விவாகரத்து நடக்கும்போது வீடு எப்படியும் பிரிக்கப்படும் என்பது அவர் நம்பிக்கை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கணவன் விவாகரத்துப் படிவங்களை அனுப்பியபோதுதான் அவர் முதன்முதலாகச் சட்டத்தரணி ஒருவரை நாடினார்.

சொத்துச் சமப்படுத்தல் என்பது விவாகரத்தின் பகுதி அன்று என்பதை அங்கே அவர் அறிய நேர்ந்தது. விவாகரத்து கூட்டாட்சி அரசின் சட்டத்துக்கு உட்பட்டது. சொத்து மாகாணச் சட்டத்துக்கு உட்பட்டது. மாகாணச் சட்டம் திருமண நாள் முதல் பிரிந்த நாள் வரை ஒவ்வொருவரின் சொத்தும் எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிட்டு, அதிகம் சேர்த்தவர் வேறுபாட்டின் பாதியை மற்றவருக்குக் கொடுக்கச் செய்கிறது. குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குச் சில சிறப்பு விதிகள் உண்டு. இக்கோரிக்கைக்குக் கால எல்லை உண்டு: பிரிந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள், விவாகரத்திலிருந்து இரண்டு ஆண்டுகள், துணைவரின் மரணத்திலிருந்து ஆறு மாதங்கள் என்பவற்றுள் எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை. அப்பெண்ணுக்கு அது 2018இலேயே முடிந்துவிட்டது. அதன்பின் விவாகரத்து வழங்கப்பட்டாலும் அந்தக் கதவு மீண்டும் திறப்பதில்லை. தாமதம் நல்லெண்ணத்துடன் நேர்ந்தது, கோரிக்கைக்கு அடிப்படை உண்டு, மற்றவருக்கு அதனால் பாதிப்பு இல்லை என்று காட்டினால் நீதிமன்றம் காலத்தை நீடிக்கலாம், எளிதில் நீடிப்பதில்லை. நீடித்தாலும் மதிப்பீடு 2012ஆம் ஆண்டு விலையிலேயே செய்யப்படும். இடைப்பட்ட ஆண்டுகளில் ரொறன்ரோ வீடுகள் எவ்வளவு ஏறின என்பது எவரும் அறிந்ததே.

ஆறு ஆண்டுகள் இன்னும் முடியாதவர்கள் இந்தப் பந்தியை மட்டுமாவது இருமுறை வாசிப்பது நன்று. விவாகரத்து வேண்டாம் என்று இருப்பவரும் சொத்துக் கோரிக்கையைத் தனியாகத் தொடுக்கலாம், அல்லது பிரிவு ஒப்பந்தம் ஒன்றில் முடித்துக்கொள்ளலாம்.

கையொப்பத்துக்கு முன்

அப்பெண்ணின் நிலை முற்றிலும் கைவிடப்பட்டதன்று. வாழ்க்கைத்துணைப் பராமரிப்புக் கோரிக்கைக்கு அத்தகைய கால எல்லை இல்லை. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் கேளாதிருந்ததன் காரணத்தை நீதிமன்றம் விசாரிக்கும். வீடு இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தால் உரித்துடைமை சமப்படுத்தலின் ஆறாண்டு எல்லையோடு போய்விடாது. வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்தாலும், பிரியும் காலத்தில் அது குடும்பம் வாழ்ந்த வீடாக இருந்தமையால், திருமணம் நீடிக்கும்வரை மனைவியின் சம்மதமின்றி அவர் அதனை விற்கவோ புதிதாக ஈடு வைக்கவோ பொதுவாக இயலாது. விவாகரத்து நடைமுறைக்கு வந்ததும், வேறு ஏற்பாடு இல்லையெனில், இந்தப் பாதுகாப்பு மறைந்துவிடும். நெடுங்காலம் அமைதியாக இருந்த ஒருவர் திடீரென விவாகரத்துக்கு அவசரப்படும்போது வீட்டு விற்பனை ஏதேனும் பின்னணியில் உண்டா என்று பார்ப்பது சந்தேகப் புத்தி அன்று.

கனடா ஓய்வூதியத் திட்டமும் கவனிக்கத்தக்கது. ஒன்றாக வாழ்ந்த ஆண்டுகளில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய வரவுகளைக் கூட்டிச் சமமாகப் பங்கிடுமாறு ஓராண்டுப் பிரிவுக்குப் பின் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்த ஒருவருக்கு இது முதுமையில் மாதந்தோறும் வரும் பணம். விவாகரத்து ஆகாமல் பிரிந்திருக்கும் நிலையில் மற்றவர் இறந்துவிட்டால் 36 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுபுறம், இறந்தவருக்குத் திருமணமின்றிச் சேர்ந்து வாழும் வேறு துணைவர் இல்லாவிடின், பிரிந்திருந்த கணவனோ மனைவியோ உயிர் பிழைத்த துணைவருக்கான ஓய்வூதியத்தைப் பெறக்கூடும். விவாகரத்துப் பெற்றவர் அதனை இழக்கிறார். வேலைத்தலத்து மருத்துவக் காப்புறுதியில் துணைவருக்குக் கிடைக்கும் பயன்களும் பல திட்டங்களில் விவாகரத்தோடு முடிகின்றன.

மரணசாதனம் எழுதாமல் இறப்பவரின் சொத்து பற்றிய சட்டம் 2022 ஜனவரி 1 முதல் மாறியுள்ளது. இல்லறம் முறிந்து மூன்றாண்டு பிரிந்து வாழ்ந்த துணைவரோ, பிரிவு ஒப்பந்தம் செய்துகொண்ட துணைவரோ இப்போது வாரிசாகக் கொள்ளப்படுவதில்லை. இது ஒருவருக்குப் பொருந்துமா என்பது அவரவர் பிரிவின் திகதிகளைப் பொறுத்தது. ஆயுள் காப்புறுதியிலும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலும் பயனாளியாக எழுதப்பட்ட பெயர் பிரிவினாலோ விவாகரத்தினாலோ தானாக அழிவதில்லை. 2004இல் எழுதிய பெயருக்கே பணம் போகும்.

விண்ணப்பம்

கணவன் மனைவி இருவருள் ஒருவராவது விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டு ஒன்ராறியோவில் வழமையாக வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் உடன்பட்டால் கூட்டு விண்ணப்பம் செய்யலாம். ஒருவர் மட்டும், வேறு கோரிக்கை எதுவுமின்றி, விவாகரத்தை மட்டும் கேட்டு எளிய விண்ணப்பமும் செய்யலாம். நீதிமன்றக் கட்டணம் இரு தவணைகளாக மொத்தம் 669 டொலர்; வருமானம் குறைந்தோர் கட்டண விலக்குக் கேட்கலாம். எதிர்ப்பு இல்லாத வழக்குகளில் நீதிபதி பெரும்பாலும் சத்தியக் கடதாசியையும் பிற பத்திரங்களையும் வாசித்தே தீர்ப்பளிப்பதால் மன்றில் தோன்றும் தேவை எழுவதில்லை.

திருமணச் சான்றிதழ் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் சத்தியக் கடதாசியையும் இணைக்க வேண்டும். இடப்பெயர்வில் சான்றிதழை இழந்தவர்கள் திருமணம் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி கோரலாம். எவ்வளவு முயன்றும் பெற இயலாதவர் அம்முயற்சிகளைச் சத்தியக் கடதாசியில் விளக்கி, வேறு சான்றுகளைக் காட்டுவது வழி.

எளிய விண்ணப்பமாயின் அதனை மற்றவருக்கு முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரர் தாமே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது. வயதுவந்த வேறொருவர் கொடுக்க வேண்டும். கனடாவில் இருப்பவருக்குப் பதிலளிக்க 30 நாட்களும், இலங்கை, இந்தியா போன்ற நாடுகளில் இருப்பவருக்கு 60 நாட்களும் உண்டு. அவ்விரு நாடுகளும் நீதிமன்றப் பத்திரங்களைச் சேர்ப்பிப்பது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இணைந்தவை என்பதால், பத்திரங்கள் அந்நாட்டின் மத்திய அதிகாரபீடத்தின் ஊடாகச் செல்ல வேண்டும். மாதக் கணக்கில் காலம் எடுக்கும். கொழும்பிலுள்ள மைத்துனர் கையில் கொடுத்தனுப்பினால் வழக்கு பின்னர் தடைப்படலாம். மற்றவர் உடன்படும் நிலையில் இருந்தால் கூட்டு விண்ணப்பம் இந்தச் சுமை முழுவதையும் தவிர்க்கிறது. முகவரியே தெரியாதபோது, தேடிய முயற்சிகளைக் காட்டி, உறவினர் வழியாகவோ வேறு முறையிலோ சேர்ப்பிக்க நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம்.

தங்கிவாழும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான பராமரிப்புப் பணத்துக்கு நியாயமான ஏற்பாடு உண்டு என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். பெற்றோர் இருவரும் சம்மதித்தாலும் இவ்வேற்பாடு இன்றி விவாகரத்து வழங்கப்படமாட்டாது. அப்பணம் பிள்ளைக்கு உரியது என்பதே சட்டத்தின் நோக்கு.

விவாகரத்துக் கட்டளை வழங்கப்பட்டு 31ஆம் நாளில் அது நடைமுறைக்கு வருகிறது. அதன்பின் விவாகரத்துச் சான்றிதழைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். மறுமணத்துக்கு மண்டபமும் முகூர்த்தமும் குறிப்பவர்கள் இந்த 31 நாட்களை மறந்துவிடுவதுண்டு. அதற்கு முன் செய்யப்படும் திருமணம் செல்லாது. வெளிநாட்டில் விவாகரத்துப் பெற்றவர் ஒன்ராறியோவில் மறுமணம் செய்வதற்குச் சட்டத்தரணியின் கருத்துரையுடன் மாகாணத்தின் அனுமதியையும் பெற வேண்டும்.

ஒரே சட்டத்தரணி இருவருக்கும் ஆலோசனை கூற இயலாது. அனுப்பப்பட்ட பத்திரத்தில் கையொப்பமிடுமுன் தமக்கெனத் தனியே ஒருவரைக் காண்பது அவசியம். குடும்ப நீதிமன்றங்களிலுள்ள குடும்பச் சட்டத் தகவல் நிலையங்களில் படிவங்களும் விளக்கமும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஒன்ராறியோச் சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாகச் சட்டத்தரணி ஒருவருடன் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். வருமானம் குறைந்தோரும் குடும்ப வன்முறைக்கு ஆளானோரும் சட்ட உதவி ஒன்ராறியோவை நாடலாம். அண்மையிலுள்ள பிற சேவைகளை அறிய 211 என்னும் இலக்கத்தை அழைத்துத் தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். செல்லும்போது திருமணச் சான்றிதழ், பிரிந்த திகதியைக் காட்டும் ஏதேனும் கடிதம் அல்லது வாடகை உடன்படிக்கை, இருவரும் கையொப்பமிட்ட பத்திரங்கள், பிரிந்த ஆண்டின் வீட்டுக் கடன் மற்றும் வங்கிக் கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்வது பயன் தரும். பழைய வங்கி அறிக்கைகளை வங்கிகள் சில ஆண்டுகளே வைத்திருப்பதால் அவற்றை இப்போதே கேட்டுப் பெற்றுவிட வேண்டும்.