இருதயத்தைச் சுற்றிலும் கொழுப்பு



நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரியும். நம் சரீரத்திலும் அப்படி வெளியே தெரியாத கொழுப்பு ஒன்று உண்டு. அதைக் குறித்து இம்முறை அறிந்துகொள்வோம்.

இருதயத் தசையின்மேல் எல்லாருக்கும் சிறிது கொழுப்பு இருக்கிறது. அது தசைக்கு எரிபொருள் தருகிறது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளங்களை மெத்தைபோல் காக்கிறது. அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. இந்தக் கொழுப்புக்கும் நாளங்களுக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. ஆகவே கொழுப்பில் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் நேரே நாளச் சுவரைத் தாக்கக்கூடும். பைபாஸ் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. அவர்களுடைய காலின் தோலடிக் கொழுப்பைவிட இருதயக் கொழுப்பில் இப்பொருட்கள் அதிகமாக இருந்தன. ஆயினும் நாள அடைப்புக்கு இது ஒன்றே காரணமல்ல. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றையும் மறக்கக்கூடாது.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம்! நம் நாட்டவரின் மெலிந்த உடலிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இது சாட்சி.

இருதயக் கொழுப்பு எக்கோ, சி.டி. ஸ்கேன் பரிசோதனைகளில் தெரியும். வீட்டிலோ ஒரு தையல் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு கூடினால் உள்ளே கொழுப்பும் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

2. தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். நம் நகரியத்தின் மரநிழல் சாலைகள் அதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. எடை குறைந்தால் இருதயத்தின் கொழுப்பும் குறைகிறது என்பது நற்செய்தி.

3. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவு ஷிப்டு பார்ப்போர், வேளை தவறிய சாப்பாட்டையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. மார்பில் பாரமோ, இடது கையில் வலியோ, திடீர் வியர்வையோ வந்தால் வாயு என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

இன்றைக்கே வீட்டிலுள்ள எல்லாருடைய இடுப்பையும் அளந்து, ஒரு தாளில் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.