கொடைரோட்டில் இறங்குங்கள், உடனே மலையேறாதீர்கள்

கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. அதன் பெயரில் ஒரு ரயில் நிலையம் மட்டும் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, நிலக்கோட்டை வட்டத்து அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. பலகையில் 'கொடைக்கானல் ரோடு' என்றிருந்தாலும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அது கொடைரோடுதான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வசதி. திண்டுக்கல் தாண்டியதுமே மூட்டை முடிச்சுகளோடு கதவருகே வந்துவிடுங்கள். வண்டி அதிக நேரம் நிற்காது. இறங்கியவர்கள் பெரும்பாலும் நேரே டாக்சியைத் தேடி ஓடுவார்கள். நீங்கள் நிதானமாக வெளிச்சம் வரும்வரை நடைமேடையில் உட்காருங்கள். கிழக்கே சிறுமலை மெல்லத் துலங்கும்.

மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியது 1845இல். தென்னிந்திய ரயில்வேயின் பாதை 1875இல் மதுரையைத் தொட்ட பிறகு, மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கத் தொடங்கினார்கள். இங்கிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கம், மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் வண்டியை விட்டு இறங்க வேண்டும். அதற்குமேல் குதிரையில் போகலாம். துரைசானிகளையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். பயணம் செய்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் உண்டு. சுமந்தவர்களுக்கு அப்படி ஒரு வரி கிடைப்பது அரிது.

1910களில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை மலையேறியதும் தோப்பின் கதை முடிந்தது. புதுச் சாலைக்கும் இதுவே ரயிலடி என்பதால் கொடைரோடு பிழைத்துக்கொண்டது.

எல்லா நிலையங்களுக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. 1928இல் வந்த மதுரை–போடி பாதை உலகப்போர்க் காலத்தில் ஒருமுறை மூடப்பட்டது. பிறகு அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மறுபடி நின்றது. ஆண்டிபட்டியும் தேனியும் 2022 மே வரை பயணிகள் ரயிலே பார்க்கவில்லை; போடிக்கு 2023 ஜூனில்தான் வண்டி போனது. கையில் இன்னொரு நாள் இருந்தால் மதுரையில் ஏறி அந்தப் பாதையில் போய் வாருங்கள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தவறவிடாதீர்கள்.

கொடைரோட்டிலிருந்து நிலக்கோட்டைக்குப் பேருந்தில் அரை மணிக்குள் போய்விடலாம். பூ மார்க்கெட்டைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மல்லிகை இங்கே மொட்டாகத்தான் விற்கும். விரிந்துவிட்டால் விலை போகாது. சாக்கிலிருந்து கொட்டி, ஒரு பிடி அள்ளிப் பார்த்து, தராசில் போடுவதற்குள் பேரம் முடிந்துவிடும். முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் போனால் விலை ஏறுகிற வேகத்தையும் பார்க்கலாம். திராட்சை வாங்க நினைத்தால் இந்தப் பக்கம் விளையும் பன்னீர் திராட்சையைக் கேளுங்கள். விதை இருக்கும், ருசியும் இருக்கும்.

அடுத்து வத்தலக்குண்டில் பஸ் மாற வேண்டும். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் எழுத்தாளர் பி.எஸ். ராமையாவும் பிறந்த ஊர்; 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரும் இந்த ஊர்க்காரர்தான். பஸ் நிலையத்தில் ஒரு காபி குடிக்கும் நேரமாவது இந்த ஊருக்குக் கொடுக்கலாம்.

கார் அல்லது டாக்சியில் மலையேறுகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் அது கட்டாயம். அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை.