புயலை விடு, டாய்லெட்டைப் பாரு

லங்காவியில ஏறி புக்கெட் வரைக்கும் பாய்மரப் படகுல போறியாம், அம்மா சொன்னாங்க. யூடியூப்ல புயல் வீடியோவாப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருக்கியாம். நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் அந்தக் கடல் பெரும்பாலும் சாதுதான். அங்கே ஆளை அழவைக்கிறது அலை இல்லடி, டாய்லெட்.

பட்டனை அழுத்தினாப் போற டாய்லெட் இல்ல அது. பக்கத்துல ஒரு கைப்பம்பு இருக்கும். அடிச்சாக் கடல்தண்ணி உள்ள வரும், கழிவு வெளிய போகும். குழாய் ஒன்றரை அங்குலம்தான். அதனால வாய்வழியா வயித்துக்குள்ள போகாத எதையும் அதுல போடாதே. டிஷ்யூ, நாப்கின் எல்லாத்துக்கும் மூடி போட்ட டப்பா ஒண்ணு தனியா வெச்சுக்கோ. ரெண்டு அடி அடிச்சுட்டு ஓடி வந்துடாதே, இருபது தடவையாவது அடி. கழிவு முழு நீளக் குழாயையும் தாண்டணும். பாதியில நின்னுபோனா, சிறுநீரும் உப்புத்தண்ணியும் சேர்ந்து உள்ள சுண்ணாம்பாக் கட்டி வழியே அடைச்சுக்கும். அப்புறம் நடுக்கடல்ல குழாயைக் கழட்டறது யாருங்கிற பஞ்சாயத்து நடக்கும், கடைசியாப் போன விருந்தாளியைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. வாரத்துல ஒருநாள் ராத்திரி ஒரு டம்ளர் வினிகர் ஊத்தி வெச்சாப் படிவு குறையும்.

காலையில முதல் ஆளாப் போறியா? உட்காரறதுக்கு முன்னாடியே நாலு அடி அடிச்சுடு. ராத்திரியெல்லாம் குழாய்ல தேங்கின கடல்தண்ணியில இருக்கிற நுண்ணுயிர்கள் செத்து, அழுகின முட்டை வாடை வரும். பழி உன் மேல விழும். முக்கியமா, வேலை முடிஞ்சதும் தண்ணி வர்ற வால்வை மூடு. சில படகுல டாய்லெட் கடல்மட்டத்துக்குக் கீழ இருக்கும். வால்வு திறந்து கிடந்தாத் தண்ணி தானா ஏறும். துறைமுகத்துல கட்டியிருக்கும்போதே படகு மூழ்கறதுக்கு இது ஒரு காரணம்.

தலையை மேல்தளத்துல நின்னு வாரிக்கோ. உள்ள உதிர்ற முடியெல்லாம் அடித்தட்டுப் பம்போட வலையில போய்ச் சுத்திக்கும். பின்னலைக் கொண்டை போட்டுடு, மோதிரத்தைக் கழட்டிடு. பாய்க்கயிறு சுத்தற வின்ச்சுக்கு எது விரல், எது முடின்னு தெரியாது.

சமையல் உன் தலையில விழும்னு நினைக்கிறேன். உன் குக்கரைத் தூக்கிட்டுப் போ. மூடி பூட்டிக்கிறதால படகு சாய்ஞ்சாலும் சாம்பார்சாதம் தரையில கொட்டாது. உலகம் சுத்தற படகுக்காரங்களே குக்கரைக் கொண்டாடறாங்க. பாதிக்கு மேல ரொப்பாதே. நைட்டி, துப்பட்டாவோட அடுப்புகிட்ட நிக்காதே. காலை மறைக்கிற தடிமனான ஏப்ரன் கட்டிக்கோ. முடிச்சதும் அடுப்புத் திருகை மட்டும் மூடினாப் போதாது, சிலிண்டரையே மூடணும். காத்தைவிடக் கனமான கேஸ் அது. வீட்டுல கசிஞ்சா கதவு வழியாவாவது வெளிய போகும், படகுல அடித்தட்டுல போய்த் தேங்கி நிக்கும். வாடை வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாதே.

அட்டைப்பெட்டியோட எதையும் ஏத்தாதே, மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை இருக்கும். டின்னு மேல என்னன்னு மார்க்கர்ல எழுதிடு. காகிதம் ஈரத்துல உரிஞ்சுடும்.

பயணம் மே மாசத்துக்குத் தள்ளிப்போனாக் கதை வேற. ‘சுமத்ரா’ன்னு ஒரு காத்து, மேற்கேருந்து ராத்திரியிலயோ விடியக்காலையிலயோ இடிமின்னலோட வந்து ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஆட்டிட்டுப் போகும். தூங்கப் போறதுக்கு முன்னாடி மேல்ஜன்னலை மூடு, கொடியில காயற துணியை எடு. நங்கூரச் சங்கிலி எவ்வளவு விட்டிருக்குன்னு கூச்சப்படாமக் கேளு. ஆழம் ஆறு மீட்டர், ஓதம் மூணு மீட்டர் ஏறும், முன்பக்கம் தண்ணிக்கு மேல ஒரு மீட்டர்னா மொத்தம் பத்து. அதுக்கு அஞ்சு மடங்கு, 50 மீட்டராவது கிடக்கணும். இடம் பத்தாதுன்னு குறைச்சு விடற கேப்டனோட நானா இருந்தாத் தூங்கமாட்டேன்.

எவ்வளவு தயாரா இருந்தாலும் ஏதாவது உடையும். நம்ம கடற்படைப் பெண்கள் உலகத்தைச் சுத்தின தாரிணிங்கிற பாய்மரப் படகுக்கே 2018-ல ஸ்டியரிங் கோளாறாகி மொரீஷியஸ்ல ஒதுங்க வேண்டியிருந்துச்சு. அப்புறம் அதே படகுலதான் கடற்படையோட புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும் ரெண்டே பேரா 2024 அக்டோபர்ல கோவாவுலேருந்து கிளம்பி, உலகத்தைச் சுத்திட்டு 2025 மே மாசம் திரும்பினாங்க.

குமட்டல் மாத்திரையைக் கிளம்பறதுக்கு முன்னாடியே போடு, வாந்தி வந்தப்புறம் போட்டா அதுவும் வெளிய வந்துடும். எதைப் போடறதுன்னு டாக்டரைக் கேட்டுக்கோ. வந்தே தீரும்னா, காத்து அடிக்கிற பக்கமில்ல, காத்து போற பக்கமாப் போ, பாதுகாப்புப் பட்டையைப் படகோட கொக்கியில மாட்டிட்டுக் குனி.

அப்புறம், புக்கெட்டுலேருந்து விமானத்துல திரும்பறதா இருந்தா, படகோட ஆள்பட்டியல்லேருந்து உன் பேரை எடுக்கணும். கேப்டனையும் கூட்டிக்கிட்டு இமிக்ரேஷனுக்குப் போ. டிக்கெட் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அதைத் தள்ளிப்போடாதே.