ரிங்கிட் சரிந்தால் உங்கள் கம்பெனி எந்தப் பக்கம்?

பாசிர் கூடாங்கிலோ செனாயிலோ வேலைக்கு நேர்முகம் போகிறவர்கள் சம்பளம், ஓவர்டைம், பஸ் எல்லாம் கேட்கிறார்கள். விற்பது எந்த நாணயத்தில், மூலப்பொருள் வாங்குவது எந்த நாணயத்தில், கடன் எந்த நாணயத்தில் என்று யாரும் கேட்பதில்லை. வேலை நிலைக்குமா என்பதற்கு இந்த மூன்றும்தான் பதில்.

1997 ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து பாத்தை மிதக்கவிட்டது. அப்போது டாலருக்குச் சுமார் 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. செப்டம்பர் 2-இல் அரசு அதை 3.80-இல் கட்டிப்போட்டது. நாணயம் விழுந்தால் ஏற்றுமதிக்காரருக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எல்லாருக்கும் அல்ல.

கணக்குக்காக மூவாரில் ஒரு மேசை செய்வதாக வைத்துக்கொள்வோம். விலை 100 டாலர். ரப்பர் மரம், கூலி எல்லாம் உள்ளூர்ச் செலவு, 200 ரிங்கிட். டாலர் 2.50-இல் லாபம் 50 ரிங்கிட், 3.80-இல் 180. அதே 100 டாலருக்கு ஜொகூர் பாருவில் ஒரு சர்க்யூட் போர்டு. 80 டாலர் பாகங்கள் இறக்குமதி, கூலி 40 ரிங்கிட். லாபம் 10-இலிருந்து 36-க்குத்தான் ஏறும்.

இனி வாங்குகிறவர் வருவார். பாத்தும் விழுந்தது, இந்தோனேசிய ரூப்பியா அதைவிட மோசமாக விழுந்தது. “அங்கே மலிவாகத் தருகிறார்கள், பத்து டாலர் குறை” என்பார். குறைத்தால் மேசைக்காரருக்கு இன்னும் 142 ரிங்கிட் மிஞ்சும். போர்டுக்காரருக்கு 2 ரிங்கிட் நஷ்டம். முதலில் ஓவர்டைம் போகும், பிறகு ஆட்கள். டாலரில் வாங்கி உள்ளூரில் விற்கிறவர் பாடு இதைவிடக் கஷ்டம். டாலர் கடனும் இருந்தால் சொல்லவே வேண்டாம்: 1 மில்லியன் டாலர் கடன் 2.5 மில்லியன் ரிங்கிட்டிலிருந்து 3.8 மில்லியனாகிவிடும்.

முதலீட்டாளர்களுக்கு வேறு பாடம். 1998 செப்டம்பரில், பங்குச் சந்தைக்கு வந்த அந்நியப் பணம் 12 மாதம் வெளியே போகக்கூடாது என்றார்கள். 1999 பிப்ரவரியில் அது வரியாக மாறியது. சிங்கப்பூரின் கிளாப் சந்தையில் மலேசியப் பங்கு வாங்கியிருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். தொழிற்சாலை போட்ட அந்நியர் லாபத்தை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கவில்லை. நிலையான விகிதம் 2005 ஜூலை 21 வரை நீடித்ததால் விலை பேசுவதும் அவருக்குச் சுலபமானது.

பாலம் தாண்டி சிங்கப்பூர் டாலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க டாலர் 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. செப்டம்பர் கடைசியில் 4.12 பக்கம். சிங்கப்பூர் டாலரும் கூடவே இறங்கியது. உச்ச விகிதத்தை நம்பி வீட்டுக் கடன் எடுக்காதீர்கள்.

புர்சாவில் பட்டியலான கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் அந்நியச் செலாவணி லாப நஷ்டம் இருக்கும். நேர்முகத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பர்சேசிங் பிரிவில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். டாலரில் வரும் பாகத்துக்கு உள்ளூரில் சப்ளையர் பிடித்துக் கொடுக்கிறவரை, ஆள் குறைக்கும் நேரத்திலும் முதலாளி லேசில் விடமாட்டார்.