போர்வீரனுக்கு எத்தனை ஏக்கர்?

முன்னுரை

போர் முடிந்தால் ஒரு நாட்டின் கவலை முடிந்துவிடுவதில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பும் வீரனுக்கு வாழ வழி என்ன என்ற கேள்வி அன்றே எழுந்து நிற்கும். பணி முடித்த வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்துவது ரோமாபுரிக் காலத்திலேயே இருந்த வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் அதனைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடுகளுள் ஒன்று ஆஸ்திரேலியா. இரு உலகப் போர்களுக்குப் பின்னும் அந்நாடு பண்ணை நிலங்களைக் கூறு போட்டு வீரர்களுக்கு வழங்கியது. முதல் முயற்சி பெரும் நட்டத்தில் முடிந்தது. இரண்டாவது பெரிதும் நிலைத்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

முதல் திட்டம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1915-ல், தெற்கு ஆஸ்திரேலியா இதற்கெனச் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மாநிலங்கள் நிலம் தேட, மத்திய அரசு கடன் கொடுத்தது. ஏறத்தாழ 37,000 வீரர்கள் நிலம் பெற்றனர்.

நிலம் இலவசமன்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நிலத்தின் விலை, வேலிக் கம்பி, மாடு, விதை அனைத்தும் கடன், அதற்கு வட்டி. அரசு வாங்க வருகிறது என்றதும் நிலத்தின் விலையும் ஏறியது. அந்த உயர்ந்த விலையே வீரனின் தலையில் விழுந்தது.

விக்டோரியா மாநிலத்தில் மாலி என்றொரு வறண்ட பகுதி உண்டு. தைல மர இனத்தைச் சேர்ந்த குட்டை மரங்கள் அடர்ந்த மணற்பாங்கான பூமி. அங்கே பல இடங்களில் ஒருவருக்கு 640 ஏக்கர் அளந்துவிடப்பட்டது. கேட்பதற்குப் பெரிய பண்ணைதான். ஆனால் மழை குறைவு. காட்டை வெட்டி உழுதபின் மேல்மண் காற்றில் பறந்தது. மணல் வேலிகளை மூடியது. 1930-ஐ ஒட்டிக் கோதுமை விலை சரிந்தபோது பலர் கடனோடு வெளியேறினர்.

அதே மாநிலத்தில் முர்ரே ஆற்றங்கரையில் ரெட் கிளிஃப்ஸ் என்னும் குடியிருப்பு எழுந்தது. 'பிக் லிஸி' என்ற இராட்சத டிராக்டர் 1920 முதல் 1924 வரை அங்கே காட்டை வேரோடு பிடுங்கியது. சுமார் 700 வீரர்களுக்குத் தலைக்கு ஏறக்குறைய 15 ஏக்கர். ஆற்றுநீர் இறைத்துத் திராட்சை பயிரிட்டு உலர்த்தி விற்றனர். விலை வீழ்ச்சி இவர்களையும் வாட்டியது. ஆயினும் அவ்வூர் நிலைத்தது.

ஏக்கர் ஓர் அளவாகுமா?

640 ஏக்கர் கைவிட்டது, 15 ஏக்கர் காப்பாற்றியது என்றால் ஏக்கர் கணக்கு மட்டும் எதையும் சொல்லாது என்பது தெளிவாகிறது. ஆஸ்திரேலியர் இதற்கென ஓர் அளவு வைத்திருந்தனர்: ஒரு குடும்பம் சராசரி மழையிலும் சராசரி விலையிலும் கடனைக் கட்டிக் கௌரவமாக வாழத் தேவையான நிலம். அது மண்ணுக்கு மண், நீருக்கு நீர் மாறும்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த செய்தியன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தாத்தாவின் நிலம் மூன்று பங்காகி, என் தந்தையார் பங்குக்கு வந்தது ஒன்றே கால் ஏக்கர் மானாவாரி. யாராவது நிலம் வாங்கினதாகச் சொன்னால், "கிணத்துல தண்ணி நிக்குதா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. எத்தனை ஏக்கர் என்பதை அப்புறம்தான் கேட்பார்.

1929-ல் நீதிபதி பைக் முதல் திட்டத்தின் நட்டத்தைக் கணக்கிட்டு அறிக்கை அளித்தார். அரசுகளின் இழப்பு சுமார் 2 கோடியே 35 இலட்சம் பவுண்டு. அவர் கண்ட முக்கியக் காரணங்கள் நான்கு: வீரர்களிடம் முதல் இல்லாமை, நிலத்தின் அளவு போதாமை, வேளாண்மைக்குப் பொருந்தாத ஆட்கள், விளைபொருள் விலை வீழ்ச்சி. இவற்றுள் சோம்பல் என்ற சொல் இல்லை என்பது என் மனத்தில் பதிந்தது.

இரண்டாம் திட்டம்

1945-ல் தொடங்கிய இரண்டாம் திட்டம் இப்பாடங்களின் மேல் கட்டப்பட்டது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைக் கொண்டு எண்ணிக்கையை முடிவு செய்யாமல், எத்தனை நல்ல பண்ணைகள் கிடைக்கும் என்பதைக் கொண்டே முடிவு செய்வது. தகுதி பார்த்துத் தேர்ந்து பயிற்சி தருவது. கையில் பணமில்லை என்று எவரையும் ஒதுக்காதிருப்பது. நல்ல வருமானம் தருமளவு நிலம் கொடுப்பது. இவையே அதன் விதிகள்.

வேதியியல் படிக்கும் எனக்குக் கங்காரு தீவின் கதை தனிச்சுவை தந்தது. அத்தீவிலும் எதிர்க்கரையிலும் ஆடுகள் வயிறார மேய்ந்தும் சோகை பிடித்து மெலிந்து மாண்டன. மண்ணில் கோபால்ட் இல்லாததே காரணம் என்று 1930-களில் ஆய்வாளர் கண்டனர். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான்! அதைக் கொண்டு ஆட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12-ஐ உண்டாக்குகின்றன. செம்புக் குறைவும் சேர்ந்திருந்தது. குறைபட்ட தாதுக்களைச் சேர்த்து, சூப்பர் பாஸ்பேட் இட்டு, மணப்புல் போன்ற தீவனப் பயிர் விதைத்த பிறகே அந்நிலம் வீரர்களுக்குப் பண்ணையாயிற்று. அதாவது முதலில் மண்ணைத் திருத்தினர். பின்னரே மனிதனைக் குடியமர்த்தினர்.

நீதியின் குறை

எனினும் ஒரு கறை உண்டு. விக்டோரியாவில் லேக் காண்டா என்னுமிடத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கியிருந்த நிலம் இரண்டாம் போருக்குப் பின் வெள்ளை வீரர்களுக்காகக் கூறு போடப்பட்டது. அம்மண்ணைச் சேர்ந்த லவட் குடும்பத்தின் சகோதரர் ஐவர் முதல் போரில் பணியாற்றியவர்கள். நால்வர் இரண்டாம் போரிலும் சீருடை அணிந்தவர்கள். அவர்களுள் ஒருவர் நிலம் கேட்டார், மறுக்கப்பட்டார். மண்ணைச் சோதித்த அறிவு, மனிதரை நிறம் பார்த்தே பிரித்தது.

முடிவுரை

நிலம் வழங்குதல் நல்ல எண்ணம். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் உலை கொதிக்க வைக்காது. நீர், மண், கடன், சந்தை ஆகிய நான்கையும் அளந்த பிறகே அளவுச் சங்கிலியைக் கையில் எடுக்க வேண்டும். எங்கே எவருக்கு நிலம் பகிர்ந்தளித்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தத் துண்டில் ஒரு குடும்பம் பிழைக்குமா? உரியவர் எவரேனும் வரிசையிலிருந்து விலக்கப்பட்டாரா? இவ்விரண்டுக்கும் நேர்மையான விடை கிடைத்தால்தான் பட்டா என்னும் காகிதம் வாழ்வாகும்.