உயிர் படைக்கப்பட்டதா? திருவாலங்காட்டு, திருமழிசை மரபுகளில் ‘தோற்றுவித்தல்’ – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இறைவன் உலகத்தைப் படைத்தான் என்பது சைவம், வைணவம் ஆகிய இரு நெறிகளுக்கும் உடன்பாடான கருத்தாகும். ஆயின் அவன் உயிரையும் படைத்தான் என்பது இரண்டற்கும் உடன்பாடன்று. ‘படைப்பு’ என்னும் சொல்லை இல்லாத ஒன்றை உண்டாக்குதல் எனப் பொருள் கொள்ளும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி, திருமழிசையாழ்வாரின் திருச்சந்த விருத்தம், நான்முகன் திருவந்தாதி ஆகியவற்றின் படைப்புக் கூற்றுகளைப் பின்வந்த சாத்திர விளக்கங்களோடு ஒப்பிட்டு, அவற்றில் படைப்பு என்பது உயிர்க்கு உடல் கூட்டுதலே என நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உயிர், தோற்றம், ஒடுக்கம், முதற்காரணம், தனு, புவனம்.

முன்னுரை

இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் காக்களூர், திருவள்ளூர் நகரை அடுத்துள்ளது. இவ்வூரை நடுவாகக் கொண்டு நோக்கின் மேற்கே திருவாலங்காடும் தென்கிழக்கே திருமழிசையும் அமைகின்றன. முன்னது இறைவன் ஊர்த்துவ தாண்டவம் நிகழ்த்திய இரத்தினசபை. காரைக்காலம்மையார் மூத்த திருப்பதிகங்களைப் பாடிய தலம். பின்னது திருமழிசையாழ்வாரின் பிறப்பிடம். அருகிலுள்ள திருவள்ளூர், திருஎவ்வுள் என்னும் பெயரில் அவராலும் திருமங்கையாழ்வாராலும் பாடப்பெற்ற திவ்விய தேசமாகும். தொண்டை நாட்டின் இச்சிறு நிலப்பகுதியில் சைவ, வைணவப் படைப்புக் கொள்கைகளின் தொடக்கநிலைத் தமிழ்க் கூற்றுகளை அருகருகே வைத்துக் காண இயலுகிறது. இதனால் இவ்விரு தலங்களின் மரபுகளும் ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டன.

‘இறைவன் ஆன்மாவைப் படைத்தான்’ எனும் தொடர் பொதுநிலை விளக்க நூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் எளிதில் இடம்பெறத்தக்கது. இத்தொடரை ஏற்பின் இரு இடர்கள் எழும். உயிர்களிடையே காணும் ஏற்றத்தாழ்வுக்கும் துன்பத்திற்கும் படைத்தவனே பொறுப்பாவான். மேலும் தோன்றியது அழியும் என்னும் நியாயப்படி, வீடு பெற்ற உயிரும் அழிவுக்குரியதாகும். ஆகவே இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. வினை, வீடு ஆகிய இரு கோட்பாடுகளின் நிலைபேறும் இதனைச் சார்ந்துள்ளது.

அம்மையார் கூறும் தோற்றம்

அற்புதத் திருவந்தாதியின் ஐந்தாம் வெண்பா, எல்லா உயிர்களையும் தோற்றுவிப்பவன் இறைவன் என்கிறது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது உயிர்ப்படைப்பைக் கூறுவதாகவே தோன்றும். ஆயின் இரு சான்றுகள் அப்பொருளைத் தடுக்கின்றன.

முதலாவது, வினைச்சொல்லின் இயல்பு. ‘தோன்று’ என்பதன் பிறவினை வடிவமே ‘தோற்றுவி’. தோன்றுதல் கட்புலனாதலைக் குறிக்கும். திங்கள் தோன்றியது என்றவிடத்து அதற்கு முன் திங்கள் இல்லை என்பது பொருளன்று. இரண்டாவது, வெண்பாவின் அமைப்பு. தோற்றுவித்தலுக்கு இணையாக அம்மையார் அடுத்து வைப்பது இறக்கச் செய்தலாகும். இறப்பு என்பது உயிரின் அழிவன்று, உடலை நீங்குதலே. எனவே அதற்கு இணையாகிய தோற்றமும் உடலொடு கூடும் பிறப்பையே சுட்டுகிறது என்பது பெறப்படும்.

இக்கருத்து அம்மையார்க்கும் முற்பட்டது. திருக்குறளின் நிலையாமை அதிகாரம் உடலையும் உயிரையும் கூட்டுக்கும் பறவைக்கும் ஒப்பிடுகிறது; இறப்பை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் இணைக்கிறது. பறவை கூட்டினால் ஆக்கப்பட்டதன்று. விழிப்பவன் விழிக்கும் கணத்தில் உண்டானவனும் அல்லன்.

அம்மையாரின் வரலாறும் இதனை அரண்செய்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை நீக்கிப் பேய்வடிவு தருமாறு அம்மையார் வேண்டுகிறார். வடிவம் மாறுகிறது, அன்பும் அறிவும் மாறவில்லை. தம்மைக் ‘காரைக்கால் பேய்’ எனக் குறித்துக்கொள்ளும் அவர், திருவாலங்காட்டுப் பதிகங்களில் சுடுகாட்டுப் பேய்க்கணங்களிடையே இறைவன் ஆடுவதைக் காட்டுகிறார். அங்குப் பேய் என்பது உயிர் தாங்கும் உடல்வகைகளுள் ஒன்றாக நிற்கிறதேயன்றி, உயிரினின்றும் வேறான ஒரு பொருளாக நிற்கவில்லை.

ஆழ்வார் கூறும் தோற்றம்

திருமழிசையாழ்வாரின் திருச்சந்த விருத்தம் 120 பாடல்களைக் கொண்டது. அதன் முதற்பாடல் ஐம்பூதங்களையும் அவற்றின் குணங்களையும் எண்முறையில் வைக்கிறது. நிலத்திற்கு ஐந்து, நீருக்கு நான்கு, தீக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு, வானுக்கு ஒன்று என அவை குறைந்து செல்கின்றன. ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்பவற்றுள் வானுக்கு ஓசை மட்டுமே உண்டு. நிலத்திற்கு ஐந்தும் உண்டு. தோற்ற முறையில் நுண்மையிலிருந்து பருமைக்கு வரும் வரிசையை, ஆழ்வார் பருமையிலிருந்து நுண்மைக்கு ஏறும் வரிசையாகக் கூறியுள்ளார். அது ஒடுக்க முறைக்கு ஒத்தது. இவ்வெண்ணுமுறையில் உயிர் பூதங்களுள் ஒன்றாகவோ அவற்றின் விளைவாகவோ வைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

அந்நூலின் பத்தாம் பாடல், கடலில் எழும் அலைகள் அக்கடலிலேயே அடங்குவதை உவமையாக்கி, நிற்பனவும் திரிவனவும் இறைவனுள்ளே பிறந்து இறந்து அடங்குகின்றன என்கிறது. அலை புதிதாகத் தோன்றினும் நீர் புதிதன்று. இவ்வுவமையைக் கொண்டு உயிரும் இறைவனும் ஒன்றே எனக் கொள்ள இடமுண்டு எனச் சிலர் கூறலாம். விசிட்டாத்துவைத மரபு அவ்வாறு கொள்வதில்லை. அறிவுடைப் பொருளும் அறிவில் பொருளும் இறைவனுக்கு உடலாக என்றும் உள்ளன. ஒடுக்கத்தில் பெயரும் வடிவும் பகுக்க இயலாத நுண்ணிலையிலும், படைப்பில் பருநிலையிலும் இருக்கின்றன என்பது இராமானுசர் நிலைநாட்டிய கருத்து. நிலைமாற்றமே படைப்பு எனப்படுகிறது.

96 வெண்பாக்களாலான நான்முகன் திருவந்தாதி, நாரணன் நான்முகனைப் படைத்தான், நான்முகன் சங்கரனைப் படைத்தான் எனத் தொடங்குகிறது. சங்கரனின் நிலைபற்றிச் சைவர் இதனை ஏலார். எனினும் நான்முகன் ஓர் உயிரே. படைப்புத்தொழில் அவன் பெற்ற பதவி என்பதில் இரு நெறியாரும் ஒன்றுபடுவர். படைப்போனும் படைக்கப்பட்டவன் எனில், ஆண்டுப் படைத்தல் என்பது உடலும் தொழிலும் அளித்தலையன்றிப் பிறிதொன்றைக் குறித்தல் இயலாது.

சாத்திரங்களின் தெளிவுரை

அம்மையார், ஆழ்வார் பாடல்களில் குறிப்பாக நின்றதைப் பின்வந்த சாத்திரங்கள் வெளிப்படக் கூறின. பதியைப் போலவே பசுவும் பாசமும் தொடக்கமற்றவை என்று திருமந்திரம் உரைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆனது. அதன் முதற்சூத்திரம், அவன் அவள் அது எனச் சுட்டப்படும் உலகமே தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகிய மூன்றுக்கும் உட்பட்டது என்கிறது. ஒடுங்கிய உலகம் மீளத் தோன்றுவது உயிரின் மலம் நீங்குதற்பொருட்டாகும். மூன்றாம் சூத்திரம், ‘எனது உடல்’ என்று உடைமையாகக் கூறப்படுவதையும் உறக்கத்தில் உடலுக்கு நுகர்ச்சியும் செயலும் இன்மையையும் பிறவற்றையும் ஏதுவாக்கி, உடலின் வேறாய் உயிர் உண்டென நிறுவுகிறது.

இந்நெறியில் இறைவன் படைத்துத் தருவன தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கு. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். இவ்வுவமையில் உயிருக்கு உரிய இடம் குடமன்று. குடத்தைக் கொண்டு பயன்பெறுவோர் இடமேயாகும்.

விண்ணுலகம், நரகம் முதலியனவும் புவனத்துள் அடங்குவனவே. வினைப்பயன் நுகர்தற்குரிய அவையும் தோன்றி ஒடுங்கும். வைணவம் இவற்றை லீலாவிபூதியுள் அடக்கி, வைகுந்தத்தை அழிவில்லாத நித்தியவிபூதியாகத் தனியே பிரிக்கிறது. சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களுள் மேலான ஐந்தைச் சுத்தமாயையின் காரியங்களாகக் கொண்டு, வீட்டுநிலையைத் தத்துவங்கள் அனைத்திற்கும் அப்பாற்பட்டதாக வைக்கிறது.

ஒற்றுமையும் வேறுபாடும்

உயிர் தொடக்கமற்றது என்பதில் ஒன்றுபடும் இரு நெறிகளும் முதற்காரணத்தில் வேறுபடுகின்றன. கடலும் அலையும் என்னும் உவமையில் அலைக்குக் கடலே முதற்காரணம். இறைவனே முதலும் நிமித்தமும் ஆவான் என்னும் வைணவக் கொள்கைக்கு அது பொருந்துகிறது. மண்ணும் குயவனும் என்னும் உவமை, மாயையையும் இறைவனையும் பிரித்து வைக்கும் சைவத்திற்குப் பொருந்துகிறது. நோக்கத்திலும் வேறுபாடு உண்டு. வைணவ ஆசிரியர் படைப்பை இறைவனின் லீலையாகக் கூறுவர். சைவ ஆசிரியர் விளையாட்டு என்னும் சொல்லை ஏற்பினும், உயிர்களை இடர்க்கடலினின்றும் எடுத்து வீடளித்தலே அதன் கருத்தெனக் கொள்வர்.

இங்கு ஒரு வரையறை இன்றியமையாதது. அம்மையாருக்கும் மெய்கண்டாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. ஆழ்வாருக்கும் இராமானுசருக்கும் இடைப்பட்ட காலமும் சிறிதன்று. முன்னோர் பாடலில் பின்னோர் கலைச்சொற்களை ஏற்றிப் படித்தல் பொருந்தாது. உயிர் அநாதி என்று அம்மையாரின் அவ்வெண்பா கூறவில்லை. அக்கொள்கைக்கு மாறுபடாத சொல்லாட்சியை அது கொண்டுள்ளது என்பதே இவ்வாய்வு துணியும் அளவு.

முடிவுரை

1. ‘தோற்றுவித்தல்’ என்பது அம்மையார் வெண்பாவில் இறக்கச் செய்தலோடு இணைந்து நிற்றலின், உடலொடு கூட்டுதலையே குறிக்கிறது.

2. திருமழிசையாழ்வாரின் பூத வரிசையும் அலையுவமையும் தோற்றத்தை நிலைமாற்றமாகக் காட்டுகின்றன. இன்மையிலிருந்து உண்டாதலாகக் காட்டவில்லை.

3. சைவமும் வைணவமும் முதற்காரணத்தில் வேறுபடினும், உயிர் படைக்கப்படாதது என்பதில் ஒன்றுபடுகின்றன. வினைக்கு உயிரே பொறுப்பு என்பதும், வீடு அழிவற்றது என்பதும் இவ்வுடன்பாட்டின்மேல் நிற்கின்றன.

4. எனவே இந்நூல்களைப் பெயர்ப்போரும் உரைப்போரும் உலகிற்குப் ‘படைப்பு’ என்றும், உயிர்க்குப் ‘பிறப்பு’ அல்லது ‘உடல் கூட்டுதல்’ என்றும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். பிற ஆழ்வார், நாயன்மார் பாடல்களில் படை, ஆக்கு, தோற்று, அளி என்னும் வினைகள் எச்செயப்படுபொருளோடு இணைகின்றன எனத் தொகுத்துக் காணின், இம்முடிவு மேலும் உறுதிபெறவோ திருத்தம் பெறவோ வழி பிறக்கும்.